பூமி பெருத்துப்போன மே மாதம்

இந்த மாலை மன்றத்திற்குத் தலைமை ஏற்று, எங்கள் பள்ளியின் மணியாகவும் மனசாட்சியாகவும் ஒருசேர விளங்கும் தலைமையாசிரியை எதெல்மிரா ஒலிவாரெஸ் அம்மையார் அவர்களே! என் பேச்சு நீளும் என்று தெரிந்தும் தெம்போடு அமர்ந்திருக்கும் நகர மன்றப் பெரியோர்களே! புனித அந்திரேயர் ஆலயத்தின் அருள்தந்தை அவர்களே! சுற்றிலும் மணலும் உப்பும் சூழ்ந்த இந்தப் பாலையின் நடுவே எலுமிச்சையும் மாம்பழமும் விளைவித்து, நம் பிக்கா ஊரைப் பச்சைப் பசேலென்று காத்துவரும் தோட்டக்காரப் பெருமக்களே! மலைமேல் தாமிரச் சுரங்கத்தில் ஏழு நாள் உழைத்து இறங்கி, ஏழு நாள் ஓய்வின் முதல் மாலையைப் பிள்ளைகளுக்கென்று எடுத்துவைத்திருக்கும் தந்தையரே! மடியில் ஒன்று, தோளில் ஒன்று என்று மழலைகளைச் சுமந்து, நாற்காலி போதாமல் நின்றுகொண்டே கேட்கும் தாய்மார்களே! தங்களை எல்லாம் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

இன்னும் ஒருவருக்கு வணக்கம் பாக்கி. நம் சிலி நாட்டின் தென்கோடியிலே, புன்டா அரேனாஸ் நகரத்திலே, திரையின் முன்னால் அமர்ந்து இந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கணக்காசிரியர் மிர்கோ குசானோவிச் அவர்களே! இது டிசம்பர் மாதம். இப்போது உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே மணி. ஏப்ரலில் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இனி இந்த ஊர் உயிரோடு இருக்கும்வரை மறக்கவும் மறக்காது!

எட்டாம் வகுப்பை முடித்து, இஸ்திரி போட்ட சட்டையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே, உங்களுக்கு வணக்கம் சொல்ல மாட்டேன். உங்களைப் பார்த்து ஒரே ஒரு சொல்தான் சொல்லுவேன். அப்பாடா!

என்ன, சிரிக்கிறீர்கள்? அலங்காரமாகப் பேச வந்த ஓரியெத்தா டீச்சர் அப்பாடா என்கிறாளே என்றா? அன்பர்களே, பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் கணக்குச் சொல்லித் தருகிறேன். பெருமைப்பட்ட ஆண்டுகள் உண்டு, பொறுமைப்பட்ட ஆண்டுகள் உண்டு, கையிலிருந்த சுண்ணக்கட்டியை உடைத்து எறிந்த ஆண்டுகளும் உண்டு. ஆனால் அப்பாடா என்று உட்கார்ந்து மூச்சுவிட்ட ஆண்டு இது ஒன்றுதான். அது ஏன் என்று சொல்லத்தான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

யாரது, கடைசி வரிசையிலே? எலுமிச்சைத் தோட்டக்காரர் தோன் நிபால்தோவா? "சுருக்கமா சொல்லுங்க ப்ரோஃபே, ராத்திரிச் சாப்பாடு ஆறிடும்" என்கிறாரா? ஐயா, இந்தக் கதையில் நீங்களும் வருகிறீர்கள். சுருக்கினால் முதலில் உங்களைத்தான் வெட்டுவேன், சம்மதமா? பார்த்தீர்களா, உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் மாதம். பள்ளி திறந்த புதிது. எட்டாம் வகுப்புக்குள் நுழைகிறேன். கோணம் என்றால் கொட்டாவி. விகிதம் என்றால் வெறுப்பு. வட்டம் என்றால் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போகிறவர்கள் நாலு பேர். அந்த வகுப்பிலே ஜன்னலோர பெஞ்சில் ஒருத்தி. யஸ்னா சல்லாப்பா. ஏழுக்கு ஏழு வாங்கும் பிள்ளைகள் இருக்கும் வகுப்பிலே, நாலைத் தொட்டால் போதும் தேர்ச்சி என்றிருக்க, மூன்றிலேயே நின்று முந்தைய ஆண்டு தோற்றவள். அதே வகுப்பு, அதே பெஞ்சு, அதே புத்தகம். அவளோடு படித்தவர்கள் எல்லாம் இக்கிக்கேயில் மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். இந்த ஆண்டும் கணக்கில் சிவப்புக்கோடு விழுந்தால், மூன்றாவது முறை அந்தப் பெஞ்சில் உட்கார வைக்கமாட்டேன் என்று அவள் அம்மா ருஃபினா என்னிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வெந்நீர் ஊற்றுக் குளத்துக்கு எதிரே அவருடைய பழச்சாறுக் கடை இருக்கிறதே, அங்கே கடை வேலைக்குக் கட்டிக்கொள்ளும் மேலங்கி ஒன்று அவளுக்காகத் தைக்கப்பட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

அன்று புத்தகத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினேன். எங்கோ வடக்கே, கடல் கடந்த நாட்டில் வரைந்த படம். ஒரு பையன் நட்டநடுப் பகலில் வடக்கே பார்த்து நிற்கிறான், அவன் நிழல் அவனுக்கு முன்னால் விழுகிறது. இந்த நிழலுக்கும் அவன் உயரத்துக்கும் என்ன விகிதம் என்று கேள்வி. எல்லோரும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். யஸ்னா மட்டும் கை தூக்கினாள்.

"ப்ரோஃபே, இந்தப் படத்துல சூரியன் தப்பான பக்கம் நிக்குது."

"எப்படிச் சொல்ற?"

"எங்க வீட்டு வாசல் வடக்க பாத்தது. குளிர்காலத்துல மத்தியான வெயில் வாசல் வழியாத்தான் உள்ள வருது. வடக்க பாத்து நின்னா நிழல் முதுகுப் பக்கம்தான விழணும்? இந்தப் புத்தகத்துக்காரரு எங்க ஊருப் பக்கம் வந்ததே இல்லையா?"

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் மேசைமேல் இருந்த புத்தகத்தை மூடினேன். அன்பர்களே, கணக்கில் மூன்று வாங்கும் பெண்ணுக்கு நம் தலைக்குமேல் இருக்கும் வானம் தெரிந்திருக்கிறது! ஏழு வாங்கும் பிள்ளைகளுக்குப் புத்தகம் தெரிந்திருக்கிறது! அப்படியென்றால் குறை அவள் தலையிலா, நான் நடத்தும் பாடத்திலா? "எல்லாரும் எந்திரிங்க, முற்றத்துக்குப் போவோம்" என்றேன். வயிற்றுவலிக்காரர்கள் நாலு பேரும் முதலில் ஓடினார்கள்.

அன்றைக்கு நட்டோம் ஒரு கோல். ஒரு மீட்டர் உயரம். நிழல் சுருங்குவதைப் பார்த்தோம், சுருங்கி முடிந்து நீளத் தொடங்குவதைப் பார்த்தோம். எப்போது மிகக் குட்டையோ, அதுதான் சூரியனின் உச்சி நேரம். ஒன்று நாற்பது வாக்கில் வந்தது. அந்த நிழலைத் தாளில் முக்கோணமாக வரைந்து பாகைமானியை வைத்தால், சூரியன் நம் உச்சந்தலையிலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கோணம் என்றால் கொட்டாவி விட்டவர்கள், அன்று கோணத்துக்காகச் சண்டை போட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு ஆசை வந்தது. சாதாரண ஆசையா? பேராசை! நம் நாட்டை வரைபடத்தில் பாருங்கள். அகலம் என்று ஒன்று இருக்கிறதா? கடவுள் நமக்கு நீளத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அகலத்தைப் பக்கத்து நாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். சிறு வயதிலிருந்து இதற்காக நம்மைக் கேலி செய்கிறார்கள். ஆனால் பூமியை அளக்க வேண்டும் என்றால் என்ன வேண்டும்? வடக்கு தெற்காக ஒரு நீண்ட அளவுகோல் வேண்டும். உலகில் எந்த நாட்டுக்காரன் பிறக்கும்போதே அளவுகோலின்மேல் பிறக்கிறான்? நாம் பிறக்கிறோம்!

வடகோடியில் நாம் ஒரு கோல் நடுவது. தென்கோடியில் அவர்கள் ஒரு கோல் நடுவது. ஒரே நாளில், உச்சி நேரத்தில், இரண்டு நிழல்களையும் அளப்பது. இரண்டு கோணங்களின் வித்தியாசம் இத்தனை பாகை, இரண்டு ஊர்களுக்கும் வடக்கு தெற்காக மூவாயிரத்து அறுநூற்று முப்பது கிலோமீட்டர் என்றால், முந்நூற்று அறுபது பாகைக்கு, அதாவது பூமி முழுவதையும் சுற்றிவர, எவ்வளவு? வெறும் பெருக்கல், வகுத்தல்! சந்தையில் இத்தனை எலுமிச்சைக்கு இத்தனை பெசோ என்றால் மூட்டைக்கு எவ்வளவு என்று கேட்கிறோமே, அதே கணக்கு!

தெற்கே மிர்கோவைப் பிடித்தேன். மார்ச் மாதமே திரையில் பிள்ளைகள் சந்தித்தார்கள். "அங்க இப்பவே கம்பளியா?" என்றார்கள் நம்மவர்கள். "நீங்க எல்லாம் வெயில்ல வறுத்து வச்ச கடலை மாதிரி இருக்கீங்க" என்றார்கள் அவர்கள். நட்பு உடனே முற்றிவிட்டது. அங்கேயும் உச்சி நேரம் ஏறக்குறைய ஒன்று நாற்பது. "அப்ப மே மாசம், ரெண்டு ஊர்லயும் ஒன்னு நாப்பது" என்று கை உயர்த்திச் சத்தியம் செய்துகொண்டார்கள். தலைமையாசிரியை அம்மையார் அவர்களோ, "இந்த அளவைக்குக் கிடைக்கிறதுதான் இவங்களோட அரையாண்டு மதிப்பெண். தப்பாப் போனா அந்த மதிப்பெண்ணை நான் மாத்தமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மையாரே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அன்று உங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. இன்று இல்லை!

நிழலை அளக்க யார் என்று கேட்டபோது, பிள்ளைகளே சொன்னார்கள். "யஸ்னா அளக்கட்டும். அவதான சூரியன் தப்பான பக்கம் நிக்குதுன்னு கண்டுபிடிச்சா." அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மே மாதமும் வந்தது. பள்ளி முற்றத்தில் பந்தல். பெற்றோர்கள் கூட்டம். தாய்மார்கள் சுட்டுவந்த எம்பனாடா மணம் ஒரு பக்கம், உள்ளூர் வானொலிக்காரர் ஒரு பக்கம். சரியாக ஒன்று நாற்பது. யஸ்னா மண்டியிட்டு டேப்பை நிழலோடு சேர்த்துப் பிடித்தாள். உரக்கப் படித்தாள். மாலையில் மிர்கோவின் எண் வந்தது. கணக்கைக் கரும்பலகையில் போட்டோம். இரண்டு கோணங்களுக்கும் வித்தியாசம் இருபத்தொன்பதரைப் பாகை. பெருக்கினோம், வகுத்தோம். என்ன வந்தது தெரியுமா, மிர்கோ? உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லுகிறேன். நாற்பத்து நாலாயிரத்து முந்நூறு கிலோமீட்டர்!

பூமியைச் சுற்றி நாற்பதாயிரம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். முதலில் வாய் திறந்தது யார்? அதோ அந்தக் கடைசி வரிசைப் பெருமகன்தான்!

"அடேங்கப்பா! பூமி பெருத்துப்போச்சு! நாலாயிரத்து முந்நூறு கூட! நம்ம நாட்டோட நீளமே அவ்வளவுதானய்யா! முழுசா இன்னொரு சிலி எங்கயோ ஒளிஞ்சுட்டிருக்கு. என் தோட்டமும் அந்தக் கணக்குல பெருத்திருக்கும்ல?"

ஊரே சிரித்தது. நானும் ஒரு கணம் சிரிக்கத்தான் செய்தேன், அவ்வளவு அழகாகச் சொன்னார். ஆனால் அடுத்த கேள்வி ஒன்று வந்தது. யார் கேட்டார்கள் என்று இன்று வேண்டாம். "டேப்பைப் பிடிச்சது யாரு?" என்றது அந்தக் குரல். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"நான் சரியாத்தான் அளந்தேன்" என்றாள் யஸ்னா.

மிர்கோவைக் கேட்டோம். எத்தனை மணிக்கு அளந்தீர்கள்? ஒன்று நாற்பதுக்கு. நாமும் ஒன்று நாற்பதுக்கு. மணி சரி. கோலைச் சரிபார்த்தோம். கோல் சரி. தூரத்தைச் சரிபார்த்தோம். தூரமும் சரி. அப்படியானால் மிச்சம் இருப்பது என்ன? அந்தப் பெண்ணின் கை. அவள் டேப்பைச் சுருட்டி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை ஜன்னலோர பெஞ்சு காலி. செவ்வாய் காலி. அந்த வாரம் முழுவதும் காலி.

அன்பர்களே, பூமி பெருத்ததற்காக எனக்குத் தூக்கம் கெடவில்லை. பூமி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அந்த வெற்றுப் பெஞ்சைப் பார்த்துப் பாடம் நடத்த என்னால் முடியவில்லை. வானத்தைக் காட்டிக் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்று கிளம்பி, ஒரு பெண்ணை ஊர் நடுவில் நிறுத்தி அழவைத்ததுதான் மிச்சமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் நேரே கடைக்குப் போனேன். ஆணியில் தொங்கிய மேலங்கி இப்போது யஸ்னாவின்மேல் இருந்தது. ருஃபினா என்னைப் பார்த்தார்.

"வாங்க ப்ரோஃபே. மாம்பழமா, கொய்யாவா? பொண்ணைத் தவிர எது கேட்டாலும் தர்றேன்."

"பொண்ணைத்தான் கேட்டு வந்தேன்."

"இங்க அவ தப்பா அளந்தா ஒரு டம்ளர் சாறுதான் கூடப்போகும். அங்க அளந்தா ஊரே சிரிக்குது. எனக்கு இதுவே போதும்."

கடை வாசலில் விரித்திருந்த வெயில்குடைக்கடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். யஸ்னா சாறு கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அங்க உக்காராதீங்க ப்ரோஃபே. இந்தப் பக்கம் வாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அங்க வெயில் வந்துரும்."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"ஒரு வாரமா நாற்காலி நகத்துறதுதான என் வேலை? சாறு குடிக்க வர்றவங்க நிழல் எங்கயோ அங்கதான் உக்காருவாங்க. குடைக்கம்பு நிழல் பன்னெண்டரை வரைக்கும் சுருங்கிட்டே வரும், அதுக்கப்புறம் அந்தப் பக்கமா நீள ஆரம்பிச்சிரும், நானும் நாற்காலியத் தூக்கிக்கிட்டு..."

நிறுத்திவிட்டாள். தட்டு கையில் அப்படியே நின்றது.

"பன்னெண்டரையா?" என்றாள். என்னிடம் இல்லை, தனக்குத் தானே. "ப்ரோஃபே, மார்ச்சுல ஒன்னு நாப்பதுக்குத்தான சுருங்குச்சு?"

"ஆமா."

"அப்ப சூரியன் இப்பச் சீக்கிரம் வருதா?"

கல்லாவிலிருந்து ருஃபினா குரல் கொடுத்தார். "சூரியன் ஏண்டி சீக்கிரம் வருது? ஏப்ரல்ல கடிகாரத்தத்தான ஒரு மணி பின்னாடி தள்ளி வச்சோம். அன்னிக்கு நான் ஒரு மணி நேரம் கூடத் தூங்குனேனே, மறந்துட்டியா?"

கேட்டீர்களா! ஆண்டுதோறும் ஏப்ரலில் நம் கடிகாரத்தை நாம் தள்ளிவைக்கிறோம். நாம் எங்கே தள்ளிவைக்கிறோம்? கைபேசி தானே தள்ளிவைத்துக்கொள்கிறது, நாம் தூங்குகிறோம்! சூரியன் கைபேசி வைத்திருக்கிறதா? அது தன் பாட்டுக்கு வந்து, உச்சியில் நின்று, சரிந்து போய் ஒரு மணி நேரம் ஆன பிறகு, பந்தல் போட்டு, எம்பனாடா சுட்டு, வானொலிக்காரரை வைத்துக்கொண்டு நாம் உச்சி நிழலை அளந்திருக்கிறோம்!

நான் துள்ளி எழுந்துவிட்டேன். ஆனால் யஸ்னா துள்ளவில்லை. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "அப்ப தெக்கயும் தப்பாத்தான இருக்கணும்? அவங்களும் ஒன்னு நாப்பதுன்னுதான சொன்னாங்க?" என்றாள். பாருங்கள், விடை கிடைத்ததும் ஆடுபவள் நான். விடையையே கேள்வி கேட்பவள் அவள். கணக்கு யாருக்கு வரும் என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது!

அங்கேயே, கடையில் நின்றுகொண்டே, மிர்கோவை அழைத்தேன். கைபேசியை அவளிடம் கொடுத்தேன்.

"ப்ரோஃபே மிர்கோ, இப்ப அங்க மணி என்ன?"

"ரெண்டு அஞ்சு. ஏம்மா?"

"இங்க ஒன்னு அஞ்சு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "ஐயோ! நாங்க கடிகாரத்தத் தள்றதே இல்லையே! இங்க வருசம் முழுக்க ஒரே மணிதானம்மா!"

நாடு முழுவதும் தெரிந்த செய்தி அன்பர்களே! தென்கோடியில் குளிர்காலத்துக்குக் கடிகாரம் மாறாது என்று யாருக்குத் தெரியாது? விமானம் ஏறுகிறவனுக்குத் தெரியும். வானொலியில் மணி சொல்கிறவனுக்குத் தெரியும். ஆனால் மார்ச்சில் ஒன்றாக இருந்த மணி மே மாதத்தில் வேறுவேறாகிவிட்டது என்று இரண்டு பள்ளிக்கூடங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? இருவரும் ஒன்று நாற்பது என்றோம், இருவரும் உண்மையே சொன்னோம், இரண்டு உண்மைக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஓட்டை! உச்சி தாண்டி நம் நிழல் நீண்டது, இரு கோணங்களின் வித்தியாசம் சுருங்கியது, பூமி பெருத்தது! அந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு முழு நாட்டின் நீளம் உள்ளே நுழைந்திருக்கிறது. அவள் பிடித்த டேப் சரி. அவள் படித்த எண் சரி. அவள் கை சரி. பிழை செய்தது கடிகாரம்!

"நான் தப்பா அளக்கலல்ல?" என்றாள். ருஃபினா கல்லாவை விட்டு வந்து, பெண்ணின் மேலங்கி முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்தார். அவிழ்த்துவிட்டு என்னிடம் விரலை நீட்டினார்.

"ஒரே ஒரு தடவை. மறுபடி அளங்க. இந்தத் தடவையும் ஊரு சிரிச்சுதுன்னா, நீங்க வந்து மாம்பழம் கேட்டாக்கூடத் தரமாட்டேன்."

மறுபடி அளப்பது என்ன பெரிய வேலை என்கிறீர்களா? இரண்டு ஊரிலும் ஒரே நாளில் வெயில் அடிக்க வேண்டும். நமக்கு மேகம் என்பது படத்தில் பார்ப்பது. அவர்களுக்கு வெயில் என்பது விருந்தாளி. ஜூன் முடிவதற்குள் அரையாண்டு மதிப்பெண்ணை எழுதியாக வேண்டும். மிர்கோ நாள்தோறும் ஒற்றைச் சொல்லில் செய்தி அனுப்பினார். மேகம். மேகம். மழை. மேகம். பனி. இந்த ஊரில் ரொட்டி வாங்கப் போனாலும் அதே பேச்சு. "ப்ரோஃபே, தெக்க இன்னிக்கு எப்படி?" பாலைவனத்தில் பிறந்து வளர்ந்த தாய்மார்கள் புனித அந்திரேயருக்கு மெழுகுவத்தி ஏற்றினார்கள். எதற்கு? ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும், ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திராத ஊரிலே மேகம் விலக வேண்டுமாம்! அருள்தந்தை அவர்களே, இப்படி ஒரு வேண்டுதல் உங்கள் ஆலயத்துக்கு இதற்கு முன் வந்ததுண்டா? இல்லை என்று தலையாட்டுகிறார்.

ஜூன் நடுவில் ஒரு காலை. "என் ஜன்னலில் வெயில்" என்று வந்தது செய்தி. ஓடினோம். பந்தலும் இல்லை, வானொலியும் இல்லை. ஆனால் யார் சொன்னார்களோ, கூட்டம் மட்டும் முன்னைவிட அதிகம்.

யஸ்னா முதலில் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு காலிக் கூடையை எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் போனாள். "வாட்ச், போன், எல்லாத்தையும் போடுங்க. இன்னிக்கு யாரும் மணி பாக்கக் கூடாது. நிழல் சொல்லட்டும்." தலைமையாசிரியை அம்மையாரின் கைக்கடிகாரத்தையும் விடவில்லை. பிறகு தோன் நிபால்தோவிடம் போனாள். "உங்க எலுமிச்சை ஒரு பை குடுங்க" என்றாள். கொடுத்தார். "டேப்பையும் நீங்கதான் பிடிக்கணும்" என்றாள். அப்போது ஐயாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நிழலின் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே ஓர் எலுமிச்சை. சற்று நேரம் பொறுத்து இன்னோர் எலுமிச்சை. நிழல் நகர நகர, எலுமிச்சை வரிசை மண்ணிலே நீண்டது. முதலில் கோலை நோக்கி வந்தது. பிறகு மெல்ல விலகத் தொடங்கியது. எல்லாவற்றிலும் கோலுக்கு மிக அருகில் இருந்த எலுமிச்சையைத் தொட்டு, "இதுதான் உச்சி" என்றாள் யஸ்னா. ஒரு குழந்தையும் கேள்வி கேட்கவில்லை. கண்ணுக்கு முன்னால் கிடக்கிறதே, என்ன கேள்வி? தெற்கே மிர்கோவின் பிள்ளைகளும் கடிகாரத்தை ஒளித்துவைத்துவிட்டு அதையே செய்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் எலுமிச்சை ஏது? கூழாங்கல் வைத்தார்களாம்.

தெற்கின் எண் வந்தது. எழுபத்தாறரைப் பாகை. நம்முடையது நாற்பத்து மூன்றரை. கரும்பலகைக்குப் போனவள் யஸ்னா. முதுகைக் காட்டிக்கொண்டு எழுதுகிறாள், எழுதுகிறாள். வித்தியாசம் முப்பத்து மூன்று. மூவாயிரத்து அறுநூற்று முப்பதை முந்நூற்று அறுபதால் பெருக்கி, முப்பத்து மூன்றால் வகுக்கிறாள். ருஃபினா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். யஸ்னா எழுதி முடித்தாள். விலகி நின்றாள்.

முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு!

நாற்பதாயிரத்துக்கு நானூறுதான் குறைவு! ஒரு கோலும் ஒரு டேப்பும் ஒரு பை எலுமிச்சையும் வைத்துக்கொண்டு, இந்தப் பூமி உருண்டையைச் சுற்றி வளைத்துப் பிடித்துவிட்டாள் எங்கள் பெண்! தோன் நிபால்தோவால் அப்போதும் சும்மா இருக்க முடியவில்லை. "நானூறு குறையுதேம்மா?" என்றார். அவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாளே ஒரு கேள்வி: "டேப்பைப் பிடிச்சது யாரு, தோன் நிபால்தோ?"

அன்று சிரித்தது பிக்கா! வயிறு வலிக்கச் சிரித்தது! எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் அவரேதான். எழுந்து கை தட்டுகிறார் பாருங்கள், நல்ல மனசு ஐயா உங்களுக்கு! அந்தச் சிரிப்பின் நடுவேதான் என் நெஞ்சிலிருந்து இறங்கியது அப்பாடா. தலையிலிருந்த பாரம் தரையில் விழுந்தது. நான் பள்ளிப் படியில் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் அழுதேன்.

பெரியோர்களே! கணக்கு எங்கே இருக்கிறது? புத்தகத்திலா பூட்டிக் கிடக்கிறது? அரை என்பது என்ன, கால் என்பது என்ன என்று வளர்ந்து தேயும் நிலவு மாதந்தோறும் நம் கூரைமேல் வந்து காட்டவில்லையா? கோணம் என்பது என்ன என்று சாயும் வெயில் நாள்தோறும் நம் வாசலில் வரையவில்லையா? உலகத்து அறிஞர்கள் எல்லாம் பெரிய பெரிய தொலைநோக்கிகளைத் தூக்கிக்கொண்டு எந்த வானத்தைத் தேடி நம் பாலைவனத்துக்கு வருகிறார்களோ, அந்த வானத்தின் கீழே வளரும் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று சொல்ல யாருக்கு உரிமை? கணக்கு வராத பிள்ளை என்று ஒரு பிள்ளை இல்லை! கணக்கை இன்னும் கண்ணால் காணாத பிள்ளைதான் உண்டு! காட்டுங்கள், கற்பார்கள்! தப்பட்டும், தாங்களே தேடிப் பிடிப்பார்கள்! முதல்முறையே நாற்பதாயிரம் வந்திருந்தால் கைதட்டிவிட்டுக் கலைந்திருப்போம். பூமி பெருத்துப்போனதால்தான் நேரம் என்றால் என்ன, நாடு என்றால் எவ்வளவு நீளம், ஒப்புக்கொண்ட எண்ணை ஏன் மறுபடி கேள்வி கேட்க வேண்டும் என்று எங்கள் பிள்ளைகள் கற்றார்கள்.

அந்த அரையாண்டில் யஸ்னாவுக்குக் கணக்கில் ஆறு. ஆண்டு முடிவில் ஐந்தரை. நான் அள்ளிக் கொடுக்கவில்லை, அம்மையார் விடைத்தாளைத் தாமே திருத்தியிருக்கிறார்கள். மதிப்பெண் வந்த மாலை ருஃபினா என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு பை மாம்பழம். "ப்ரோஃபே, இக்கிக்கேயில எந்த ஸ்கூல்ல கணக்கு நல்லா சொல்லித் தர்றாங்க? மார்ச்சுல இவள அங்க சேக்கணும்" என்றார். இன்று கடையை அடைத்துவிட்டு, சுரங்கத்திலிருந்து இறங்கிவந்த கணவரோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அழாதீர்கள் அம்மா, பிறகு நானும் அழுவேன், ஒலிவாங்கி நனைந்துவிடும்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், எம்பனாடா சுட்டும் மெழுகுவத்தி ஏற்றியும் கணிதத்தைக் காப்பாற்றிய தாய்மார்களுக்கும், தெற்கே விழித்திருக்கும் மிர்கோவுக்கும், அவருடைய கூழாங்கல் படைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் எல்லோருடைய வீட்டிலும் வெளிச்சம் நிறையட்டும் என்று வாழ்த்தி, வணங்கி விடைபெறுகிறேன்.

இல்லை, இல்லை, இன்னும் இறங்கவில்லை. சான்றிதழ் வாங்குவோர் பெயர்களைத் தலைமையாசிரியை அம்மையார்தான் வாசிக்க வேண்டும். முதல் பெயரை மட்டும் நான் வாசிக்க அனுமதி கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

யஸ்னா சல்லாப்பா! எழுந்து வா, தங்கமே. மேடை உனக்குத்தான்.